ஒரு முறை இறுகினால் மறுமுறை இளகாது

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம்மவர் பழமொழி. பிள்ளை வளர்ப்பை மனத்திற்கொண்டு பெரியோர் கூறிய இம்மொழி, நம் வீடுகளில் நாள்தோறும் கையாளப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக்குக்கும் அப்படியே பொருந்தி நிற்கிறது. அச்சில் வார்க்கும் அந்த ஒரு வேளையில் நாம் விரும்பிய உருவத்தை அதற்குக் கொடுத்துவிடலாம். இறுகிய பின்னரோ எவ்வளவு சூடாக்கினாலும் அது இளகாது, வளைந்தும் கொடாது. மேலும் மேலும் சூடேற்றினால் கருகிப் போகுமேயன்றி உருகி ஓடாது.

சுவரில் இருக்கும் பழைய மின்சார சுவிட்ச், விளக்கைத் தாங்கும் ஹோல்டர், பிரஷர் குக்கரின் கறுப்புக் கைப்பிடி, விருந்தினர்க்கு எடுத்துவைக்கும் மெலமைன் தட்டு, மேசையின் மேல் ஒட்டிய பளபளப்பான தகடு ஆகிய யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. வெப்பத்தால் இறுகும் பிளாஸ்டிக் என்று விஞ்ஞான நூல்கள் இதற்குப் பெயர் வழங்குகின்றன. மாணவர்க்கு இது பரீட்சைக்குரிய ஒரு பாடம். இல்லத்தரசிக்கோ அடுப்படியில் ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் விஷயம்.

இவ்வாரம் இதனை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கந்தப்பளை போன்ற மலைத்தோட்டப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும்தான். விறகு ஈரமாயிருக்கும், அடுப்பு எளிதில் பற்றாது. அவ்வேளைகளில் கைக்கெட்டிய பொலித்தீனையும் உடைந்த பிளாஸ்டிக் துண்டையும் பழைய டயர்த் துண்டையும் அடுப்பில் வைத்துப் பற்றவைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் மறையவில்லை. புகைபோக்கி இல்லாத லயன் அறையில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் தாய்மாரும் சிறுபிள்ளைகளுமே. எந்தப் பொருளை எரிக்கிறோம், எதில் சுடச்சுடத் தேநீர் ஊற்றுகிறோம், எதை நம்பி மின்கம்பியைத் தொடுகிறோம் என்பதை அறிந்துகொள்வது நம் உடல் நலத்தையும் உயிரையும் பற்றிய காரியம்.

இளகும் இனமும் இறுகும் இனமும்

பிளாஸ்டிக் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பொருள்களை இரண்டு பெரும் இனங்களாகப் பிரிக்கலாம். ஒன்று வெப்பத்தால் இளகுவது. மற்றொன்று வெப்பத்தால் இறுகுவது.

மெழுகுவர்த்தியை உருக்கினால் உருகும். ஆறவைத்தால் உறையும். மீண்டும் உருக்கி வேறோர் உருவத்தில் வார்க்கலாம். சர்க்கரைப்பாகும் அரக்கும் இத்தகையனவே. பாரதக் கதையில் பாண்டவர்க்கென்று அரக்கு மாளிகை கட்டிய துரியோதனாதியர், சூடு கண்டால் உருகித் தீப்பற்றும் அதன் இயல்பை நன்கு அறிந்தே அப்பொருளைத் தேர்ந்தனர். பொலித்தீன் பை, தண்ணீர்ப் போத்தல், வாளி, கதிரை, மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவை இந்த இளகும் இனத்தவை.

இனி ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைப் பிசையும்போது எப்படி வேண்டுமானாலும் தட்டலாம், உருட்டலாம். கல்லில் போட்டுச் சுட்டெடுத்த பின் அதனை மறுபடி மாவாக்க யாராலும் இயலாது. மேலும் சுட்டால் கருகும்; அவ்வளவே. இறுகும் பிளாஸ்டிக்கின் இயல்பும் இதுதான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? பிளாஸ்டிக் யாவும் மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை. இளகும் இனத்தில் அம்மூலக்கூறுகள் ஒரு கூடையில் குவித்த நூலிழைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. சூடேறியதும் இழைகள் ஒன்றையொன்று விட்டு நழுவுகின்றன, பொருள் இளகுகிறது. இறுகும் இனத்திலோ இழைக்கும் இழைக்கும் இடையே குறுக்காகப் பல இடங்களில் முடிச்சு விழுந்துவிடுகிறது. நூற்குவியல் ஒரு மீன்வலை ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முடிச்சுகள் உறுதியான இரசாயனப் பிணைப்புகள். சூடு அவற்றை அவிழ்ப்பதில்லை. மிகுந்த சூட்டில் முடிச்சு அவிழ்வதற்கு மாறாக வலையே அறுந்து சிதைகிறது. அதையே நாம் கருகுதல் என்கிறோம்.

கந்தப்பளை வாசகர்களுக்கு இதற்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். தேயிலைத் தொழிற்சாலைக்குள் செல்லும் பச்சைக் கொழுந்தை வாட்டி, உருளையில் கசக்கி, நிறம் மாறும்வரை காற்றில் வைத்து, பின்பு சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். கசங்கிய இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்களின் சிறு மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையால் ஒன்றோடொன்று கூடிப் பெரியனவாகின்றன. தேநீரின் செந்நிறமும் சுவையும் அவ்வாறே பிறக்கின்றன. கறுத்த தூளைத் திரும்பவும் பச்சைக் கொழுந்தாக்க எந்த ஸ்டோராலும் ஆகாது. தேயிலையில் பிளாஸ்டிக்கின் வலைப்பின்னல் இல்லை என்பது உண்மையே. எனினும் சிறியவை கூடிப் பெரியதாவதும், போன வழியே திரும்ப இயலாமையும் இரண்டுக்கும் பொது.

அறிஞர்கள் கழித்ததைக் கைக்கொண்டவர்

இவ்வினத்தில் முழுவதும் செயற்கையாகச் செய்யப்பட்ட முதற்பொருள் பேக்கலைட். அதனை உண்டாக்கியவர் லியோ ஹென்றிக் பேக்லண்ட். 1863இல் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் பிறந்து, 1889இல் அமெரிக்கா சென்று குடியேறியவர். புகைப்படத் தாள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை ஈஸ்ட்மனின் கொடக் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வம் பெற்ற பின்னரே இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர் தேடியது அரக்குக்கு மாற்றான ஒரு பொருளை. அக்காலத்தில் மின்கம்பிகளுக்குக் காப்புப் பூச உலகம் முழுவதும் இந்திய அரக்கையே நாடி நின்றது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பதே அரக்கு. மின்சாரத் தொழில் பெருகப் பெருக அரக்கின் தேவையும் பெருகியது. பூச்சிகளோ தங்கள் வேகத்திலேயே சுரந்தன.

பீனோல் என்பது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் இரசாயனம். போமல்டிஹைட் என்பது மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள ஒரு வாயு; அதன் நீர்க்கரைசலே ஆய்வுகூடங்களில் உயிரினங்களைப் பதப்படுத்தி வைக்கும் போமலின். இவ்விரண்டும் கூடினால் பிசுபிசுப்பான, எதிலும் கரையாத ஒரு பிசின் உண்டாவதை 1872இலேயே ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் வான் பேயர் கண்டிருந்தார். பாத்திரத்தைப் பாழாக்கும் கழிவென்று அவரும் பின்வந்தோரும் அதனைத் தள்ளிவிட்டனர். கரையாத, உருகாத அந்தக் குணமே ஒரு பெரும் நன்மை என்பதைப் பேக்லண்ட் உணர்ந்தார். அழுத்தமும் வெப்பமும் சேர்த்து, வாயுக் குமிழிகள் எழாதபடி அடக்கி, அச்சில் இறுகச் செய்யும் முறையைக் கண்டார். 1907இல் அதற்கு உரிமைப்பத்திரம் கோரினார். 1909இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் உலகுக்கு அறிவித்தார்.

அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டுகள் பேக்கலைட்டின் காலம் எனலாம். தோட்டத்து ஆபீசில் மேசைமேல் வீற்றிருந்த கனத்த கறுப்புத் தொலைபேசியும், மாலையில் ஊரார் கூடிக் கேட்ட வானொலிப் பெட்டியும் பெரும்பாலும் இப்பொருளாலேயே ஆகியிருந்தன. மரத்தூளைக் கலந்து வார்த்ததால் உறுதி மிகுந்தது. கறுப்பும் தவிட்டு நிறமுமே அதற்கு இயல்பாக அமைந்தன. வெண்மையாகச் செய்வது கடினமாக இருந்தது.

தேயிலைப் பெட்டியும் யூரியாவும்

வெண்மைக்கும் மலிவுக்கும் வழி காட்டியது நம் தோட்டங்களில் நன்கு பழகிய ஒரு பொருள். தேயிலைச் செடிக்கு உரமாக இடும் யூரியாவை அறியாதவர் மலைநாட்டில் இல்லை. அதே யூரியாவைப் போமல்டிஹைட்டுடன் கூட்டினால் நிறமற்ற ஒரு பிசின் கிடைக்கிறது. அதில் வெள்ளை சுவிட்சும் வார்க்கலாம், மரத்தையும் ஒட்டலாம். கடந்த நூற்றாண்டின் இருபதுகளில் தொழிற்சாலைகளுக்கு வந்த இப்பிசின், ஒட்டுப்பலகைத் தொழிலையே மாற்றிவிட்டது.

ஒட்டுப்பலகைக்கும் மலைநாட்டுக்கும் உள்ள உறவு பழையது. இலங்கைத் தேயிலை கப்பலேறிய பெட்டிகள் ஒட்டுப்பலகையால் ஆனவை. ஒரு பெட்டியில் ஏறத்தாழ நூறு இறாத்தல் தேயிலை அடங்கும். விளிம்புகளில் தகரப் பட்டை அடித்து, உள்ளே உலோகத் தாளும் காகிதமும் விரித்து, மூடி அறைந்து அனுப்புவார்கள். கந்தப்பளைப் பகுதித் தேயிலையும் அவ்வாறே சென்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903–1904ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட குறுகிய இரயில் பாதை, 1940களில் மூடப்படும்வரை அத்தகைய பெட்டிகளைச் சுமந்து சென்றது. ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அந்த வழியில் பனியும் மழையும் பெட்டிகளுக்கு ஓயாத சோதனை.

ஒட்டுப்பலகை என்பது மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் நாரோட்டத்துக்குக் குறுக்காக மற்றோர் ஏட்டை வைத்து ஒட்டிய பலகை. அதன் உயிர் பசையில் இருக்கிறது. முற்காலத்தில் பாலிலிருந்தும் மாட்டின் இரத்தத்திலிருந்தும் எடுத்த பசைகளைப் பயன்படுத்தினர். அவை ஈரம் பட்டால் நெகிழும்; பூஞ்சணம் பிடிக்கும். தேயிலையோ தன்னருகே உள்ள எந்த வாசனையையும் ஈர்த்துக்கொள்ளும் பொருள். பூஞ்சண வாடை ஏறிய தேயிலையை ஏலத்தில் எவரும் மதியார். யூரியாப் பிசின் பூசி, சூடான அழுத்திகளுக்கிடையே வைத்து இறுக்கிய பலகைக்கு அந்தக் குறைகள் இல்லை. ஆனால் ஒன்று: பசை நன்றாக இறுகவேண்டும். அரைகுறையாக இறுகினால் போமல்டிஹைட் நெடி மெல்லக் கசியும்.

இரண்டாம் உலகப் போர் மூண்டு அந்நியப் பலகை வருவது தடைப்பட்டபோது, காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்கமே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை நிறுவியது. அதன் முதன்மையான நோக்கம் தேயிலைப் பெட்டிக்குப் பலகை தருவதே. நூற்றாண்டின் இறுதியில் பல படைக் காகிதப் பைகள் வந்து, பலகைப் பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாறியது. கழித்துவிடப்பட்ட பெட்டிப் பலகைகளோ எத்தனையோ வீடுகளில் தட்டாகவும் தடுப்பாகவும் புத்தக அலமாரியாகவும் நெடுங்காலம் உழைத்தன.

பலகை வாங்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. யூரியாப் பசை குளிர்ந்த நீரைத் தாங்கும். கொதிநீரையும் நெடுநாள் நனைவையும் தாங்காது. பீனோல் பசையிட்ட பலகை கொதிநீரையும் தாங்கும். பசையின் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். மழை ஒழுகும் கூரைக்கு அடியிலும் குளியலறையிலும் இரண்டாவது வகையே நிலைக்கும். விலை சற்றுக் கூடுதலாயினும் ஒருமுறை செலவோடு போகும்.

மின்சாரத்தைத் தடுக்கும் காவல்

இறுகும் பிளாஸ்டிக்கின் பெரும் பயன் மின்சாரத் துறையிலேயே உள்ளது. மின்சாரத்தை அது தன்னூடே செல்ல விடுவதில்லை. உலோகமும் காப்புப் பொருள்தான் என்று எண்ணுவோர் எவருமிலர். ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே தரமான காப்பு என்று எண்ணுவோர் பலர். அங்கேதான் ஆபத்து.

ஒரு பிளக்கின் முள், அது செருகப்படும் துளையில் இறுக்கமாகப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். தொடும் இடத்தில் சூடு பிறக்கும். பிளக்கின் உடல் மலிவான இளகும் பிளாஸ்டிக்கால் ஆகியிருந்தால் அது மெழுகுபோல் சரியும். முட்கள் இடம் பெயரும். இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பொறி பறக்கும். இறுகும் பிளாஸ்டிக்கால் ஆனதெனில் அது நிறம் மாறும், கருகும், நாற்றத்தால் நம்மை எச்சரிக்கும்; உருகி ஓடி முட்களை ஒன்றோடொன்று சேரவிடாது. மரத் தடுப்பும் பழந்துணியும் நெருங்கிக் கிடக்கும் லயன் அறைகளில் அந்தச் சிறு வேறுபாடு ஒரு வரிசை வீடுகளையே காப்பாற்றக்கூடும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. பேக்கலைட்டின் மேற்பரப்பில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து பொறி பறந்தால், அவ்விடம் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். நாளடைவில் ஒரு மெல்லிய கரிக்கோடு முனைக்கு முனை ஓடி, காவலனே கள்வனுக்கு வழிவிட்ட கதையாகிவிடும். யூரியா, மெலமைன் பிசின்களில் இவ்வாறு கரிக்கோடு விழுவது குறைவு. மூடுபனி வீட்டுக்குள் நுழையும் மலைநாட்டில் பழைய கறுப்பு சுவிட்சுகளையும் ஹோல்டர்களையும் ஆண்டுக்கொரு முறையேனும் தேர்ந்த மின்தொழிலாளியைக் கொண்டு பார்ப்பது நல்லது. விரிசல் கண்டவற்றைப் பசையிட்டு ஒட்டிப் பயன்படுத்தலாகாது, மாற்றிவிட வேண்டும். இறுகும் பிளாஸ்டிக் கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையது. தரையில் விழுந்த ஹோல்டர் வெளியே முழுமையாகத் தோன்றினும் உள்ளே வெடித்திருக்கலாம்.

இக்காலத்து சுவிட்சுகள் பல, பொலிகாபனேற் என்னும் இளகும் இனத்தாலும் செய்யப்படுகின்றன. தீப்பற்றாதபடி பக்குவம் செய்யப்பட்டவை அவற்றில் நல்லவையே. வாங்கும்போது இலங்கைத் தரநிர்ணய முத்திரையைப் பார்த்து வாங்குதல் வேண்டும். பெயரும் முத்திரையும் இல்லாத மலிவுச் சரக்கு எந்த இனமாயினும் நம்பத்தக்கதன்று.

கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவர்கள் ஒன்றை அறிந்தால் வியப்பர். அதனுள்ளே உறுப்புகளைத் தாங்கிநிற்கும் பச்சை அட்டை, கண்ணாடி நார்த் துணியில் எபொக்சி என்னும் பிசினை ஊட்டி இறுக்கியது. சிறு கறுப்புச் சில்லுகளின் மேலுறையும் எபொக்சியே. ஈயப்பற்று வைக்கும் சூட்டில் உருகாத பொருளல்லவா அங்கே வேண்டும்! கடையில் இரண்டு குழாய்களாக விற்கும் ஒட்டுப்பசையும் இதன் உறவுதான். ஒன்றில் பிசின், மற்றொன்றில் இறுக்கி. இரண்டும் கலந்ததும் வலைமுடிச்சு விழத் தொடங்கும், மணிக்கணக்கில் கல்லாகும்.

அடுப்படியில்

கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. கந்தப்பளையின் உயரத்திலோ ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாவதற்கு இதுவே காரணம். மலைநாட்டு வீடுகளில் பிரஷர் குக்கர் வெறும் ஆடம்பரம் அன்று. உள்ளே நீராவியை அடக்கி, கொதிநிலையை இருபது பாகைக்கும் மேலாக உயர்த்தி, விறகையும் நேரத்தையும் அது மிச்சப்படுத்துகிறது. அந்தச் சூட்டிலும் கையைச் சுடாதிருப்பது அதன் பேக்கலைட் கைப்பிடி. வெப்பத்தையும் அது எளிதில் கடத்துவதில்லை.

ஆயினும் நெருப்புச் சுவாலை நேரே பட்டால் அதுவும் கருகும். குக்கரும் தாளிக்கும் சட்டியும் காஸ் அடுப்பை எண்ணிச் செய்யப்பட்டவை. விறகடுப்பில் சுவாலை பக்கவாட்டில் நீளும். கைப்பிடியைச் சுவாலைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்தல் வேண்டும். கைப்பிடியின் திருகாணி தளர்ந்திருந்தால் கொதிக்கும் கறி மேலே கவிழ்ந்துவிடும். அதனை வாரந்தோறும் முடுக்கிப் பார்ப்பது சிறு வேலைதான்.

அடுத்து மெலமைன் தட்டுகள். மெலமைன் என்னும் இரசாயனத்தை முதலில் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் லீபிக், ஆண்டு 1834. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அதனைப் போமல்டிஹைட்டுடன் கூட்டிப் பாத்திரம் வார்த்தனர். பீங்கானைப் போன்ற பளபளப்பு, விழுந்தால் எளிதில் உடையாமை, கறை குறைவு, கனமும் குறைவு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட ஏற்றது வேறென்ன என்று தோன்றும். சோறும் ரொட்டியும் பழமும் வைத்துண்ண அது ஏற்றதே.

மிகுந்த சூடும் புளிப்பும் ஒருங்கே சேரும்போதுதான் கவனம் தேவை. 70 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், அதிலும் புளிக்குழம்பு, இரசம் போன்றவை நெடுநேரம் கிடந்தால், தட்டிலிருந்து சிறிதளவு மெலமைனும் போமல்டிஹைட்டும் உணவில் இறங்குகின்றன. ஆகவே கொதிக்கக் கொதிக்க இரசத்தை மெலமைன் கோப்பையில் ஊற்றவேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரைப் பீங்கானிலோ எவர்சில்வரிலோ குடிப்பதே நன்று. நுண்ணலை அடுப்பில் மெலமைன் பாத்திரத்தை வைக்கவே கூடாது. ஆழமாகக் கீறல் விழுந்து மெருகு போன தட்டை உணவுக்கு வைத்துக்கொள்ளாமல் வேறு பயனுக்கு ஒதுக்கிவிடலாம்.

2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்று, ஆறு குழந்தைகள் மாண்ட செய்தியை வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். அது தட்டிலிருந்து இறங்கியதன்று. பாலில் புரதம் மிகுதி என்று பரிசோதனையில் காட்டுவதற்காக மெலமைன் தூளையே பேராசைக்காரர் கலந்த கொடுமை அது. தட்டில் அந்த மெலமைன் வலைப்பின்னலில் கட்டுண்டு கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. வேறுபாடு தெரியாமல் அலட்சியம் செய்யவும் கூடாது.

நம் நாட்டு இறப்பரும் நம் கடற்படகும்

முழுச் செயற்கைப் பிசின் பிறக்கும் முன்பே இதே தத்துவத்தை மனிதன் இறப்பரில் கண்டுவிட்டான். பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இழைகளுக்கிடையே கந்தகம் முடிச்சிடுகிறது என்பதற்கு வழிகாட்டியது அமெரிக்கர் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்ட முறை. முடிச்சு குறைவாயின் டயர்போல் இழுபடும். மிகுதியாயின் எபனைட் என்னும் கறுப்புக் கட்டை ஆகும். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டதிலிருந்து, நம் தொழிலாளர் கைகள் பால்வெட்டிய இறப்பரும் இந்த இறுகும் குடும்பத்தில் சேர்ந்தது. டயரை உருக்கி மறு டயர் வார்க்க இயலாமைக்கும், தேய்ந்த டயரின் மேல் புதுப்பட்டை ஒட்டி ஓட்டுவதற்கும் காரணம் இப்போது விளங்கும்.

வடக்கே, 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டாரின் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்துறையில் கண்ணாடி நாரும் பொலியெஸ்டர்ப் பிசினும் கலந்த படகுகள் கட்டப்பட்டன. மரப்படகை அரிக்கும் கடற்புழு இதனைத் தீண்டாது, உப்புநீரும் கெடுக்காது. இன்று இலங்கைக் கரையோரம் முழுவதும் அத்தகைய படகுகளையே பெரிதும் காண்கிறோம்.

எரிப்பதா, எறிவதா?

நன்மையாக நாம் எண்ணி வந்த அதே குணம், பொருள் உடைந்த பின் தொல்லையாகிறது. உடைந்த வாளியையும் போத்தலையும் பழம்பொருள் வியாபாரி எடைக்கு எடுத்துச் செல்வார். அவற்றை உருக்கி வேறு பொருள் வார்க்கலாம். உடைந்த சுவிட்சையும் மெலமைன் தட்டையும் அவர் தொடமாட்டார். உருகாததை வாங்கி அவர் என்ன செய்வார்? சில நாடுகளில் இவற்றை அரைத்துத் தூளாக்கிப் புதிய வார்ப்பில் நிரப்பியாகச் சேர்க்கின்றனர். சீமெந்துச் சூளைகளில் மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்தும் பயன்கொள்கின்றனர்.

நம் அடுப்பு சீமெந்துச் சூளை அன்று. அடுப்பின் குறைந்த சூட்டில் யூரியா, மெலமைன் துண்டுகள் எரியும்போது போமல்டிஹைட்டும் அமோனியாவும் சயனைட்டு வாயுவும் எழக்கூடும். டயர்த் துண்டிலிருந்து கந்தக வாயுவும் கரிப்புகையும் வரும். அடைத்த அறையில் இருமலும் இளைப்பும் உண்டாவதற்கு அவை போதும். தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையையும் ஒட்டுப்பலகைத் துண்டையும் விறகாக்குவோர் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மரமென்று தோன்றினும் அதன் இடையிடையே பசை இருக்கிறது. ஈர விறகுக்கு வழி, அடுப்பின் மேலே பரண் கட்டி இரண்டு நாள் விறகை முன்கூட்டியே காயவைப்பதும், உலர்ந்த சவுக்குச் சுள்ளியும் தேயிலைக் கவ்வாத்து மிலாறும் சேர்த்துவைப்பதுமே. டயரைத் தோட்டத்து மூலையில் எறிவதும் தீதே. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும்.

இந்தத் தொல்லைக்கு விஞ்ஞானம் ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறது. 2011இல் பிரான்சு நாட்டில் லூத்விக் லைப்லரும் அவர் குழுவினரும் ஒரு புதிய பிசினை உலகுக்கு அறிவித்தனர். அதிலும் வலைமுடிச்சு உண்டு. ஆனால் சூடேறும்போது ஒரு முடிச்சு அவிழுமுன் மற்றொன்று விழுந்துவிடுகிறது. ஆதலால் வலை அறாமலே அதன் உருவத்தை மாற்றலாம். அத்தகைய பொருள்கள் மலிவாக வீடுகளுக்கு வரும்வரை, இறுகும் பிளாஸ்டிக்கை நன்றாகத் தேர்ந்து வாங்கி, நெடுநாள் பேணுவதே நம்மால் ஆகக்கூடியது.

மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை. உடைந்து கழித்த பிளாஸ்டிக் துண்டுகள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் பொருத்தியிருக்கும் எதையும் தொடவேண்டாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, திறந்த வெளியில், குறட்டால் பிடித்த ஊசியைச் சூடாக்கி ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணம் அழுத்திப் பாருங்கள். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது இளகும் இனம். இறங்காமல் நின்றால் இறுகும் இனம். புகையை முகரவேண்டாம். பின்பு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரிசையாக எழுதி, வீட்டிலுள்ள முழுப் பொருள்களில் எவையெவை எந்த வரிசையில் சேரும் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் காட்டுங்கள். எதை அடுப்பருகே வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதை அந்த இரண்டு வரிசைகளே வீட்டாருக்குச் சொல்லிவிடும்.